வெளுத்த வானமும் கறுத்த வானமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுக்கப்பெற்ற இயற்கைக் காட்சிப் படங்களைப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றைக் கவனித்திருக்கக் கூடும். மலை இருக்கும்; மரம் இருக்கும்; ஆறும் அதில் ஓடமும் இருக்கும். வானத்தில் மட்டும் பெரும்பாலும் ஒன்றும் இராது. முகிலின் சுவடுகூட இன்றி, எழுதாத தாள்போல அது வெளுத்துக் கிடக்கும். இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மலைப் படங்கள் சிலவற்றில் நிலைமை நேர்மாறு. பட்டப்பகலில் எடுத்த படத்தில் வானம் நள்ளிரவுபோல் கறுத்து நிற்கும். அதன் முன்னே பனி மூடிய பாறை வெண்ணிறமாய் ஒளிரும்.

முன்னதைக் கண்டு, "அக்காலத்தார்க்குத் திறமை போதவில்லை" என்பாரும், பின்னதைக் கண்டு, "இது பொய்ப்படம்" என்பாரும் உளர். இரண்டு தீர்ப்பும் பிழையானவை. வானம் ஓரிடத்தில் வெளுத்ததற்கும் மற்றோரிடத்தில் கறுத்ததற்கும் காரணம், காமிராவுக்குள் வைத்த தகடும் பிலிமுமே ஆகும். எந்தத் தகட்டைத் தேர்ந்தனர், ஏன் தேர்ந்தனர், அது எதைக் கண்டது, எதைக் காண மறுத்தது என்பதை அறியாமல் பழைய படத்தைச் சான்றாகக் கொள்வது, எழுத்தின் வடிவம் அறியாமல் கல்வெட்டைப் படிப்பதற்கு ஒப்பாகும். வகுப்பறையில் வரலாற்றுப் படங்களைக் காட்டும் ஆசிரியர்க்கு இந்த அறிவு இன்றியமையாதது. ஆதலின் கறுப்பு வெள்ளைத் தகட்டின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

நீலம் மட்டும் கண்ட தகடு

1851ஆம் ஆண்டில் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் கொல்லோடியன் முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டின்மேல் கொல்லோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி உப்பில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் எடுத்து, ஈரம் உலருமுன்னே கழுவிவிட வேண்டும். மலைக்கும் காட்டுக்கும் செல்வோர் இருட்டுக் கூடாரத்தையும் புட்டிகளையும் கண்ணாடிகளையும் உடன் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. கார்ல்டன் வாட்கின்ஸ் என்பார் 1861இல் கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 18 அங்குலமும் 22 அங்குலமும் கொண்ட பெருந்தகடுகளில் இவ்வாறே படம் எடுத்தார். அப்பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கெனக் காக்கும் சட்டத்தில் அதிபர் லிங்கன் 1864இல் ஒப்பமிட்டதற்கு இப்படங்களும் துணை நின்றன என்று கருதுவர்.

கொல்லோடியன் தகட்டுக்கு ஒரு குறை இருந்தது. வெள்ளி உப்பு இயல்பாக நீல ஒளியையும், நம் கண்ணுக்குப் புலனாகாத புறஊதா ஒளியையுமே உணரும். பச்சையும் மஞ்சளும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருளே. நீல வானமோ அத்தகட்டின் முன் வெண்ணிறச் சுடராய் நின்றது. நிலத்தில் உள்ள பாறையும் மரமும் பதியுமளவு ஒளி காட்டினால், அதற்குள் வானம் தன் பங்குக்கு மேலாகப் பதிந்து, முகிலுக்கும் வானுக்கும் இடையே உள்ள வேறுபாடு முற்றும் அழிந்துவிடும். இதனால்தான் வானம் வெளுத்தது. பச்சை இலை கறுத்ததற்கும் இதுவே காரணம்.

இங்கே மற்றொரு நுட்பமும் உண்டு. வெயில் படாத நிழலுக்கு ஒளி தருவது பெரும்பாலும் நீல வானமே. ஆகவே நீலத்தை மட்டும் உணரும் தகட்டில் நிழற்பகுதிகள் நம் கண்ணுக்குத் தோன்றுவதைவிடத் தெளிவாகப் பதிந்தன. தொலைவில் உள்ள மலைகளுக்கு முன்னே படரும் நீல மங்கலும் அவ்வாறே மிகுந்து பதிந்தது. எனவே பழைய படங்களில் தொலைமலை மேலும் தொலைவாகவும், நிழல் சற்று இளகியும் தோன்றுகின்றன. அவை அக்காலத்து வானிலையின் குணங்கள் அல்ல; அக்காலத்துத் தகட்டின் குணங்கள்.

வானத்தைத் தேடியவர்கள்

இக்குறையைப் படம் எடுப்போர் அறியாமல் இல்லை. அதனை வெல்லப் பல வழிகளில் முயன்றனர். பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே 1857இல் செத் துறைமுகத்தில் எடுத்த பேரலைப் படம் இரு நெகட்டிவுகளின் சேர்க்கையாகும். கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என்று வேறு வேறாக எடுத்து, தொடுவான் கோட்டில் இரண்டையும் இணைத்து ஒரே தாளில் அச்சிட்டார். எட்வர்டு மைபிரிட்ஜும் தனியே எடுத்த முகில் நெகட்டிவுகளைத் தம் யோசெமிட்டிப் படங்களில் சேர்த்து அச்சிட்டார்.

தமிழகத்தோடு நேரே தொடர்புடைய ஒருவரும் இவ்வரிசையில் இருக்கிறார். சென்னைப் படையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் 1856இல் சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக அமர்த்தப் பெற்றார். அவர் மதுரை, திருவரங்கம், தஞ்சை முதலிய ஊர்களில் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக ஆக்கியவரும் அவரே. பெரும்பாலும் மெழுகிட்ட தாளையே அவர் நெகட்டிவாகக் கொண்டார். அத்தாளும் நீலத்தை மட்டும் உணர்ந்தது. ஆதலின் அவர் தம் நெகட்டிவுகளின்மேல் வண்ணம் தீட்டி வானுக்கு முகிலைச் சேர்த்தார். அவர் படங்கள் சிலவற்றில் காணும் முகில் தூரிகையால் பிறந்தது. கோபுரமோ ஒளியால் பிறந்தது. ஒரே படத்தில் சான்றும் கற்பனையும் அருகருகே இருக்கின்றன. தஞ்சைக் கல்வெட்டுப் படத்தை ஆராய்ச்சியாளர் நம்பலாம். முகிலை வைத்து அன்றைய பருவநிலையை எழுதலாகாது.

நிறக்குருடு நீங்கியது

1873ஆம் ஆண்டில் பெர்லின் நகரப் பேராசிரியர் ஹெர்மன் வில்லெம் வோகல் ஒரு விந்தையைக் கண்டார். இங்கிலாந்திலிருந்து வந்த சில தகடுகள், எதிர்பார்த்ததற்கு மாறாகப் பச்சை ஒளியை நன்கு உணர்ந்தன. காரணத்தைத் தேடியபோது, கண்ணாடியின் பின்புறத்திலிருந்து ஒளி திரும்பித் தெறிக்காமல் இருப்பதற்காக அத்தகடுகளில் ஒரு சாயம் கலந்திருப்பது தெரிந்தது. ஒன்றைத் தடுப்பதற்காகக் கலந்த சாயம், மற்றொன்றைக் காணும் கண்ணைத் தகட்டுக்குத் தந்துவிட்டது! சாயம் எந்த நிற ஒளியை உட்கொள்கிறதோ, அந்த நிறத்தைத் தகடும் உணர்கிறது என்று வோகல் நிறுவினார்.

இதிலிருந்து பச்சையையும் உணரும் ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் பிறந்தன. சிவப்பையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகளை இங்கிலாந்தின் ராட்டன் அண்டு வெயின்ரைட் நிறுவனம் 1906இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. அப்பணியை முன்னின்று நடத்திய கென்னத் மீஸ் என்னும் அறிஞர், 1912இல் கோடக் நிறுவனம் அந்நிறுவனத்தை வாங்கியபோது அமெரிக்கா சென்று கோடக் ஆராய்ச்சிக் கூடத்தை அமைத்தார்.

தகடு எல்லா நிறங்களையும் கண்டதும், பில்டர் எனப்படும் நிறக்கண்ணாடிக்கு முழுப்பயன் உண்டாயிற்று. மஞ்சள் கண்ணாடி நீலத்தில் ஒரு பகுதியைத் தடுக்கும். வானம் சற்று அடங்கி, முகில் வெளிப்படும். ஆழ்ந்த சிவப்புக் கண்ணாடி நீலத்தை ஏறத்தாழ முழுதும் தடுக்கும், வானம் கறுக்கும். வானொளியால் விளங்கும் நிழலும் அதனுடன் சேர்ந்து கறுக்கும். ஆகவே சிவப்புக் கண்ணாடி காட்சியின் ஒளி நிழல் முரணை மிகுவிக்கிறது. வானத்தை அடக்க வேண்டிச் சிவப்பை நாடுவோர், நிழலின் விவரங்களை அதற்கு விலையாகக் கொடுக்கின்றனர்.

கண்ணாடியிலிருந்து தாள் பிலிமுக்கு

கண்ணாடி கனமானது; உடையக் கூடியது. 1888இல் ஜான் கார்பட் என்பார் பிலடெல்பியாவில் செல்லுலாய்டு தாளின்மேல் பூச்சிட்டு விற்றார். 1913இல் கோடக் நிறுவனமும் உருவப்படங்களுக்கெனத் தாள் பிலிமை வெளியிட்டது. ஷீட் பிலிம் என்று தொழிலோர் வழங்குவது இதுவே. சுருள் பிலிமில் பல படங்கள் ஒரே நீள நாடாவில் இருத்தலின், அனைத்தையும் ஒரே அளவில் கழுவ வேண்டும். தாள் பிலிமிலோ ஒரு காட்சிக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளையும் அதனதன் தேவைக்கு ஏற்பத் தனியே கழுவலாம். ஒளி முரண் மிகுந்த காட்சிகளை எடுப்போர் பெரிய காமிராவையும் தாள் பிலிமையும் விடாமல் பற்றியதற்கு இதுவே தலையாய காரணம்.

ஒளிக்கும் கருமைக்கும் உள்ள தொடர்பை அளந்து காட்டியவர்கள் பெர்டினாண்டு ஹர்ட்டர், வெரோ டிரிபீல்டு என்னும் இருவர். ஒருவர் இரசாயனி, மற்றவர் பொறியாளர். இங்கிலாந்தில் இரசாயனத் தொழிற்சாலையொன்றில் பணிபுரிந்த இவர்கள் தம் ஆராய்ச்சியை 1890இல் வெளியிட்டனர். அவர்கள் வரைந்த கோட்டில் மூன்று பகுதிகள் உண்டு. தொடக்கத்தில் மெல்ல எழும் பகுதியைப் பாதம் என்றும், நடுவில் நேராக ஏறும் பகுதியை நேர்கோடு என்றும், மேலே வளைந்து தணியும் பகுதியைத் தோள் என்றும் வழங்குவர். பாதத்தில் நிழல்கள் நெருங்கிக் கலக்கும். தோளில் வெளிச்சங்கள் நெருங்கிக் கலக்கும். நேர்கோட்டில் ஒவ்வொரு படியும் பிரிந்து நிற்கும். எந்தப் பிலிமைத் தேர்வது என்னும் கேள்வி, உண்மையில் எந்தக் கோட்டைத் தேர்வது என்னும் கேள்வியே ஆகும்.

எஞ்சிய இரண்டு தகடுகள்

1927ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், ஆன்சல் ஆடம்ஸ் என்னும் 25 வயது இளைஞர் நண்பர்களுடன் யோசெமிட்டியில் ஹாப் டோம் என்னும் பெரும்பாறைக்கு எதிரே உள்ள உயரத்துக்கு ஏறினார். அவரிடம் இருந்தவை 12 ராட்டன் பான்குரோமாட்டிக் கண்ணாடித் தகடுகள். பாறையின் முகத்தில் வெயில் படும் வேளையில் இரண்டே தகடுகள் எஞ்சியிருந்தன. ஒன்றை மஞ்சள் கண்ணாடி வழியே எடுத்தார். எடுத்த உடனே, தம் உள்ளம் கண்ட காட்சி அதில் வாராது என்று உணர்ந்தார். பாறையின் பெருமிதத்தைக் காட்டக் கறுத்த வானம் வேண்டும் என்று தோன்றிற்று. கடைசித் தகட்டை ஆழ்ந்த சிவப்புக் கண்ணாடி வழியே எடுத்தார். அக்கண்ணாடி 16 மடங்கு ஒளியை வேண்டியது. ஆகவே 5 வினாடி காட்டினார்.

அப்படமே இன்று உலகறிந்த ஹாப் டோம் படமாகும். அதில் வானம் கறுப்பு. அன்றைய வானம் கறுப்பாக இருந்ததா? இல்லை. அப்படியாயின் படம் பொய்யா? அதுவும் இல்லை. வாட்கின்ஸின் வெள்ளை வானம் எத்துணை உண்மையோ, ஆடம்ஸின் கறுப்பு வானமும் அத்துணை உண்மை. உலகம் வண்ணமயமானது, அதனைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்பதை ஏதோ ஒன்று தீர்மானித்தே ஆக வேண்டும். 1861இல் தகடு தீர்மானித்தது. 1927இல் மனிதன் தீர்மானித்தான்.

நிழலுக்கு ஒளி, வெளிச்சத்துக்குக் கழுவல்

வெயிலில் பளிச்சிடும் பனியையும், பாறை இடுக்கின் ஆழ்ந்த நிழலையும் ஒரே படத்தில் கொள்ள வேண்டுமாயின், ஒளியளவு பத்து முறை இரட்டிப்பாகும் இடைவெளியைக்கூட எதிர்கொள்ள நேரும். பத்து முறை இரட்டித்தால் 1024 மடங்கு. அச்சிடும் தாளோ இத்துணை பெரிய இடைவெளியைத் தாங்காது. இந்த இடைவெளியைத் தாளுக்குள் அடக்குவது எவ்வாறு?

நிழலுக்கு ஏற்ப ஒளி காட்டு, வெளிச்சத்துக்கு ஏற்பக் கழுவு என்பது பழைய தொழில்மொழி. ஒளி போதாத நிழலை எத்துணை நேரம் கழுவினாலும் உயிர்ப்பிக்க முடியாது. மிகு வெளிச்சத்தின் கருமையையோ கழுவும் நேரத்தைக் குறைத்து அடக்கலாம். இதனை ஒழுங்கான முறையாக வகுத்தவர்கள் ஆடம்சும் பிரெட் ஆர்ச்சரும் ஆவர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் கலைப்பள்ளி ஒன்றில் கற்பித்த காலத்தில், 1940ஆம் ஆண்டை ஒட்டி, மண்டல முறையை அவர்கள் அமைத்தனர். முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை மண்டலங்களாகப் பகுத்து, காட்சியின் எந்தப் பகுதி எந்த மண்டலத்தில் விழ வேண்டும் என்பதைப் படம் எடுக்குமுன்னரே முடிவு செய்வது அதன் சாரம். இது மாணவர்க்குக் கற்பிப்பதற்காகப் பிறந்த முறை என்பது ஆசிரியர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

1941ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் நிலவு எழும் காட்சியை ஆடம்ஸ் கண்டார். கல்லறைச் சிலுவைகளின்மேல் பட்ட கடைசி வெயில் மறையும் தறுவாய். ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு ஒரு சதுர அடிக்கு 250 மெழுகுவர்த்தி அளவு என்பது அவர் நினைவில் இருந்தது. அதனை ஏழாம் மண்டலத்தில் வைத்துக் கணக்கிட்டு, ஒரு வினாடி ஒளி காட்டினார். இரண்டாம் தாளை எடுக்குமுன் வெயில் மறைந்துவிட்டது. நிலம் ஒளி குன்றி, வானம் ஒளி மிகுந்த அந்த ஒற்றைத் தாளை, டெவலப்பரில் சிறிது நேரமும் வெறும் நீரில் சிறிது நேரமும் மாறி மாறி வைத்துக் கழுவினார். வெளிச்சம் மிகுந்த இடத்தில் பூச்சு உறிஞ்சிய டெவலப்பர் விரைவில் தீர்ந்து போகும். நிழலிடத்தில் தீராமல் நின்று வேலை செய்துகொண்டே இருக்கும். அவ்வாறு நிழல் வளர, வெளிச்சம் நிற்கும். சுருள் பிலிமாயின், மற்றப் படங்களைக் கெடுக்காமல் இதனைச் செய்திருக்க முடியாது.

இப்படத்தின் தேதியை ஆடம்ஸ் குறித்து வைக்கவில்லை. பிற்காலத்தில் வானியலறிஞர்கள் நிலவின் இடத்தைப் படத்தில் அளந்து கணக்கிட்டனர். 1991இல் வெளியான திருந்திய கணக்கின்படி, அது 1941 நவம்பர் முதல் நாள் மாலை 4 மணி 49 நிமிடம். வானத்தின் கருமை கலைஞனின் விருப்பம். ஆயினும் நிலவின் இடம் வான்கணிதத்துக்குத் தவறாமல் விடை சொன்னது. சான்றையும் விருப்பத்தையும் பிரித்தறிய வல்லார்க்குப் படம் ஒருபோதும் பொய் சொல்வதில்லை.

எந்தப் பிலிமைத் தேர்வது?

இவ்வரலாற்றை அறிந்தபின் தேர்வின் நெறி எளிதில் விளங்கும். முதலாவது, நிற உணர்வு. முகிலையும் வானையும் ஆள விரும்புவோர்க்குப் பான்குரோமாட்டிக் பிலிமே ஏற்றது. தொலைமலையின் மங்கலும் ஆழமும் வேண்டுவோர்க்கு ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் இன்றும் பயன்படும்.

இரண்டாவது, கோட்டின் வடிவம். கோடக்கின் சூப்பர் டபிள்எக்ஸ் என்னும் தாள் பிலிம் நீண்ட நேர்கோட்டுக்கும், கழுவும் அளவுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் இயல்புக்கும் பெயர் பெற்று விளங்கியது. 1990களின் தொடக்கத்தில் அது நின்றுபோனது. இன்று கிடைக்கும் டிரை-எக்ஸ் 320 தாள் பிலிமுக்குப் பாதம் நீளம். ஆகவே அதில் நிழலுக்குத் தாராளமாக ஒளி தர வேண்டும். 1980களில் வந்த டி-மாக்ஸ் வகைக்குப் பாதம் குறுகியது, நேர்கோடு நீண்டது. ஆயினும் கழுவும் நேரமும் வெப்பமும் சிறிது பிறழ்ந்தாலும் வெளிச்சப் பகுதி பெரிதும் மாறிவிடும். இல்போர்டின் எப்பி4 பிளஸ், எச்பி5 பிளஸ் என்பவை பழைய மரபைச் சேர்ந்தவை. சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்பவை.

மூன்றாவது, வேகம். மெதுவான பிலிமில் மணிகள் நுண்ணியவை. ஆயின் முரண் பொதுவாக மிகுதி. தாள் பெரிதாக இருத்தலின் மணியைப் பற்றி அஞ்ச வேண்டிய தேவை குறைவு. ஆகவே முரண் மிகுந்த காட்சிக்கு நடுத்தர வேகமும் விரைந்த வேகமும் உள்ள பிலிம்களைத் துணிந்து எடுக்கலாம். கழுவும் நேரத்தைக் குறைத்தால் பிலிமின் வேகமும் சற்றுக் குறையும். அதற்கு ஈடாக ஒளியைச் சற்று மிகுத்துக் காட்ட வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. நீரிலும் டெவலப்பரிலும் மாற்றி வைக்கும் பழைய முறை தடித்த பூச்சுடைய பழைய பிலிம்களுக்கு நன்கு உதவியது. மெல்லிய பூச்சுடைய இக்காலப் பிலிம்களில் அதன் பயன் குறைவு. நூலில் படித்த முறையை அந்நூல் எழுந்த காலத்துப் பிலிமோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

படிப்போர்க்கு ஒரு கடமை

இங்கிலாந்தின் இல்போர்டு, அமெரிக்காவின் கோடக், செக் நாட்டின் போமா என விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே இன்று தாள் பிலிமைச் செய்கின்றனர். அதில் படம் எடுப்போர் மிகச் சிலர். ஆயின், அதிலும் அதற்கு முந்திய தகட்டிலும் எடுத்த படங்களைப் பார்ப்போர் நாம் அனைவருமே. ஜான் தாம்சன் 1862இல் சிங்கப்பூருக்கு வந்து படநிலையம் நடத்தியதும், மலாயாவின் காடுகளையும் ஊர்களையும் பிறர் படமாக்கியதும் அந்த நீலத் தகட்டின் காலத்திலேதான். அத்தகைய படத்தில் காடு கறுத்துத் தோன்றினால், 'இருண்ட காடு' என்று மாணவர்க்கு விளக்கம் சொல்லிவிடலாகாது. பச்சை இலையைத் தகடு காணவில்லை என்பதே அங்கு உண்மை. வானம் வெளுத்திருந்தால், அது வறண்ட கோடை என்றும் கொள்ளலாகாது.

ஆகவே பழைய படம் ஒன்று கைக்கு வரும்போது மூன்று கேள்விகள் கேட்போமாக. இதனைப் பதித்த தகடு எந்த நிறங்களைக் கண்டது? ஒளி முரணை அடக்க எடுத்தவர் என்ன செய்தார்? படத்தில் உள்ளவற்றுள் ஒளி எழுதியது எது, கை எழுதியது எது? இம்மூன்றுக்கும் விடை தேடிப் பழகிய மாணவன், படத்தை மட்டுமன்றி எந்தச் சான்றையும் கண்மூடி நம்பவும் மாட்டான். காரணமின்றித் தள்ளவும் மாட்டான்.